ஸ்பிட்ஃபயர் காரில் ஜிப்ஸி எஞ்சின்: உப்புக்காற்றுக்கு எந்த ரேடியேட்டர்?

உச்சிப்புளிவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா விட்டுச்சென்ற டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார், உச்சிப்புளியில் எங்கள் தென்னந்தோப்புக் கொட்டகையில் பல ஆண்டுகளாக நிற்கிறது. அதன் 1296 சி.சி. எஞ்சின் பிளாக்கில் விரிசல் விழுந்துவிட்டதால், மாருதி ஜிப்ஸியின் 1.3 லிட்டர் 16 வால்வு எஞ்சினைக் கியர்பாக்ஸோடு பொருத்தி வருகிறோம். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனியாகத் தொங்குவதால், அதை விலக்கிவிட்டுக் கியர்பாக்ஸிலிருந்து நேரே பின் ஆக்ஸிலுக்கு ஷாஃப்ட் கொடுப்பது நாங்கள் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. இப்போது ரேடியேட்டரில் வந்து நிற்கிறோம்.

என் முன் மூன்று வழிகள் உள்ளன. பழைய செம்பு ரேடியேட்டரின் தொட்டிகளை வைத்துக்கொண்டு புதிய கோர் (குழாய்களும் ஃபின் எனும் மெல்லிய தகடுகளும் கொண்ட நடுப்பகுதி) போடலாம். ஜிப்ஸியின் ரேடியேட்டரையே வைக்கலாம். அல்லது அளவு கொடுத்து அலுமினியத்தில் புதிதாகச் செய்யலாம். வண்டி பெரும்பாலும் இராமநாதபுரத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடையேதான் ஓடும், எப்போதாவது அரிச்சல்முனை வரை போகும். புதிய எஞ்சினுக்குப் பழைய ரேடியேட்டர் போதாது, நான்கு வரிசைக் குழாய்கள் கொண்ட கோர் போட்டே ஆகவேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வைகைக்கரை

தம்பி, நான்கு வரிசை என்று முடிவு செய்வதற்கு முன் கணக்கைப் பாருங்கள். மார்க் 3 எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 75 குதிரைத்திறன் கொண்டது. ஜிப்ஸியின் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை ஊசிமூலம் பீய்ச்சும்) எஞ்சின் 80. எஞ்சின் தண்ணீருக்குள் தள்ளும் வெப்பம், அது சக்கரத்துக்குக் கொடுக்கும் சக்தியை ஏறத்தாழ ஒட்டியே இருக்கும் என்பதால், 5 குதிரைத்திறன் கூடியதற்காக ரேடியேட்டரை இரட்டிப்பாக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. அதுவும் நீங்கள் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் போகும்போது அந்தச் சக்தியில் கால்பங்கைக்கூடக் கேட்கமாட்டீர்கள். அடைப்பில்லாத பழைய அளவுக் கோரே இந்த எஞ்சினைத் தாங்கும்.

வரிசையைக் கூட்டக் கூட்டக் கோர் தடித்துக்கொண்டே போகும், காற்று நுழைவது கடினமாகும். முன்வரிசையில் சூடேறிய காற்றுதான் நான்காம் வரிசைக்குப் போய்ச் சேரும் என்பதால், அந்த வரிசை செய்யும் வேலை மிகக் குறைவு. முகப்புப் பரப்புதான் முக்கியம். அதைக் கூட்ட வழியில்லையென்றால், வருகிற காற்று முழுவதும் கோர் வழியாகவே போகும்படி செய்வது முக்கியம். ஸ்பிட்ஃபயரில் ரேடியேட்டருக்கு இருபுறமும் தடித்த அட்டைத் தடுப்புகள் இருந்திருக்க வேண்டும். அட்டைதானே என்று யாரோ தூக்கி எறிந்திருப்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் அதுதான் நடந்திருக்கிறது. அது இல்லையென்றால் கிரில் வழியே வரும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு சுலபமான வழியில் போய்விடும். அலுமினியத் தகட்டிலோ ரப்பர் ஷீட்டிலோ முதலில் அதை வெட்டிப் பொருத்துங்கள்.

ஜிப்ஸி ரேடியேட்டரை மறந்துவிடுங்கள். அது உயரமான முகம் கொண்ட வண்டிக்கானது. உங்கள் பானெட்டை மூடவே முடியாது. உண்மையான சிக்கலும் இந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் தாழ்ந்த மூக்கில் ரேடியேட்டரின் மேல்தொட்டி எஞ்சின் ஹெட்டைவிட (சிலிண்டர்களின் மேல்மூடியைவிட) கீழே போய்விட்டால், காற்றுக் குமிழ்கள் ஹெட்டிலேயே தங்கிக்கொள்ளும். கேஜில் முள் இயல்பாக நிற்கும்போதே ஹெட் கேஸ்கெட் போய்விடும். ஆகவே தண்ணீர் ஊற்றும் வாயும் அழுத்த மூடியும் கொண்ட ஒரு தனித் தொட்டியை ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையே உள்ள தடுப்பு) ஓரமாக, வண்டியிலேயே உயரமான இடத்தில் வையுங்கள். ஹெட்டின் உச்சியிலிருந்தும் ரேடியேட்டரின் மேல்தொட்டியிலிருந்தும் மெல்லிய ஹோஸ் ஒவ்வொன்றை அதற்குக் கொண்டுபோங்கள். அதன் அடியிலிருந்து ஒரு தடித்த ஹோஸ் தண்ணீர் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குப் போகட்டும். ரேடியேட்டரில் இப்போது இருக்கும் மூடியின் இடத்தை அடைத்துவிடலாம்.

கீழக்கரைப் பட்டறை

மேலே ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. உலோகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சிறந்தது என்று சொல்லி விற்பார்கள். ஆனால் பழைய முறை ரேடியேட்டரில் குழாய் பித்தளை, ஃபின் மட்டுமே செம்பு, இரண்டையும் பிடித்திருப்பது ஈயப்பற்று. ஈயப்பற்று வெப்பத்தைக் கடத்துவதில் சுமார்தான். எனவே குளிர்விக்கும் திறனில் இரண்டுக்கும் பெரிய வேறுபாட்டை நான் கண்டதில்லை.

எங்கள் கடற்கரையில் செம்பு ரேடியேட்டர் சாவது வேறு விதமாக. குழாய் ஒழுகாது, மேலே பார்த்தால் பழுதே தெரியாது. ஆனால் ஃபினுக்கும் குழாய்க்கும் இடையேயான பற்று உப்பில் அரித்துப்போய், விரலால் தடவினால் ஃபின் பச்சைத் தூளாக உதிரும். அப்படிப்பட்ட கோரில் தண்ணீர் நிறைந்திருந்தும் சூடு இறங்காது. உங்கள் பழைய ரேடியேட்டரை முதலில் இப்படித் தடவிப் பாருங்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நான் செம்பைத்தான் பரிந்துரைக்கிறேன். காரணம் ஒன்றே: ஓட்டை விழுந்தால் இராமநாதபுரத்திலேயே ஒரு பிற்பகலில் பற்றவைத்துத் தந்துவிடுவார்கள். மெல்லிய அலுமினியக் குழாயில் ஆர்கான் வெல்டிங் பிடிக்கத் தெரிந்த கையைத் தேடி நீங்கள் மதுரைக்குப் போகவேண்டியிருக்கும். கோர் போடும்போது ஃபின்களை நெருக்கமாக வைக்கச் சொல்லாதீர்கள். தனுஷ்கோடி மணலும் உப்பும் நெருக்கமான ஃபினில் அப்பிக்கொண்டால் எடுக்கவே முடியாது.

மண்டபம் டீசல்

நான் விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவன், கார்க்காரன் அல்ல. அதனால் சற்றுத் தயங்கியே கீழக்கரை அண்ணனை மறுக்கிறேன். இராமேசுவரத்தில் இன்று ஓடும் கார்களும் டாக்ஸிகளும் அலுமினிய ரேடியேட்டரோடுதான் ஓடுகின்றன. உப்பு அவற்றை உடனே தின்றுவிடுவதில்லை. அலுமினியம் துளைவிழுந்து போனதாக என்னிடம் வந்த ரேடியேட்டர்களில் பாதிக்கு மேல் உள்ளிருந்து அரித்தவை. வெளிக்காற்றைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஊற்றிய தண்ணீர்தான் காரணம்.

நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றுவது கடலை ஊற்றுவதற்குச் சற்றே மேலானது. காவிரிக் குடிநீரும் குடிக்கத்தான். அதிலும் குளோரின் உண்டு, சுண்ணாம்பும் உண்டு. பேட்டரித் தண்ணீரும் (காய்ச்சி வடித்த நீர்) கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். ஜிப்ஸி எஞ்சினில் ஹெட்டோடு பிளாக்கும் அலுமினியம் என்பதை மறக்கவேண்டாம். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் பொறுத்துக்கொண்ட தண்ணீரை இது பொறுக்காது. நீங்கள் செம்பு ரேடியேட்டரே போட்டாலும் கூலண்டின் அரிப்புத்தடுப்பு மருந்து இருக்கும்வரைதான் இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் சண்டையின்றி இருக்கும்.

இன்னொன்று, படகுக்காரர்களுக்குப் பழக்கமானது. கடல்நீர் ஓடும் குளிர்விப்பானில் துத்தநாகக் கட்டி வைப்போம். மின்னரிப்பு அதைத் தின்று மற்றதை விட்டுவிடும். காரில் இதே அரிப்பு எர்த் கம்பி சரியில்லாதபோது வருகிறது. எஞ்சின் மாற்றிய வண்டிகளில் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே எர்த் பட்டை போட மறந்துவிடுவார்கள். மின்சாரம் ரேடியேட்டர் தண்ணீர் வழியாகத் திரும்பப் பார்க்கும். வேலை முடிந்ததும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைக் கூலண்டுக்குள்ளும் வையுங்கள்; விளக்கு, விசிறி, ஸ்டார்ட்டர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகே வண்டியை எடுங்கள். ரேடியேட்டரை ரப்பர் புஷ் மீது உட்காரவையுங்கள்.

உச்சிப்புளிவாசி

மூவருக்கும் நன்றி. கீழக்கரை அண்ணன் சொன்னபடி தடவிப் பார்த்தேன். கீழ்ப்பாதி ஃபின்கள் கையோடு வந்துவிட்டன. அட்டைத் தடுப்பும் இல்லை. அளந்ததில் மேல்தொட்டி ஹெட்டைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கிறது, ஆகவே தனித் தொட்டி வைப்பதென முடிவு செய்துவிட்டேன். செம்பில் மூன்று வரிசை, அகன்ற ஃபின் என்று சொல்லியிருக்கிறேன். பழைய தொட்டிகள் 0.9 பார் மூடியைத் தாங்குமா என்பதும், பாம்பன் பாலத்தில் வாகனங்கள் நின்றுவிடும்போது எந்த விசிறி உதவும் என்பதும்தான் மிச்சமிருக்கும் ஐயங்கள்.

வைகைக்கரை

தொட்டிகளின் மடிப்புகளை மீண்டும் பற்றவைக்கச் சொல்லி, 1.2 பார் அழுத்தத்தில் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் 0.9 மூடியைத் தயங்காமல் போடலாம். வெறும் தண்ணீர்கூட அந்த மூடியில் 118 டிகிரியில்தான் கொதிக்கும், 0.5 பார் மூடியில் அது 111. தொட்டி தாங்காதென்றால் குறைந்த மூடியோடு ஓட்டுங்கள், பிளக்க விடாதீர்கள்.

பம்ப் முகப்பில் இருக்கும் ஜிப்ஸியின் விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் மின்விசிறி ஒன்றை முழு ஷ்ரவுடோடு (கோர் முழுவதையும் மூடும் காற்றுக்கூடு) வையுங்கள். ஷ்ரவுட் இல்லாத விசிறி, தன் வட்டத்துக்கு நேரே உள்ள கோரை மட்டுமே குளிர்விக்கும். பாலத்தில் ரயில் பார்க்க எல்லோரும் வண்டியை நிறுத்தும்போதும், மெதுவாக ஊர்கையில் கச்சான் காற்று முதுகுப்பக்கம் தள்ளும்போதும் உங்களுக்கு அந்த மின்விசிறி ஒன்றுதான் துணை. தனுஷ்கோடி போய்வந்த அன்று மாலையே, எஞ்சின் ஆறியபின், எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கோரைக் கழுவிவிடுங்கள். தோப்பு ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவாதீர்கள்.