பாட்மேன்: சர்வரிலிருந்து வெளியேறியதும் கன்டெய்னர்கள் நின்றுவிடுகின்றன

கேள்வி:
வணக்கம். செயலிகளைக் கன்டெய்னர்கள் எனும் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிறிய வலைச்செயலியையும் அதற்கான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் டெபியன் 12 (லினக்ஸ்) சர்வரில், அதே வேலையைச் செய்யும் பாட்மேனுக்கு மாற்றியுள்ளேன். கட்டளைகளில் டாக்கர் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாட்மேன் என்று போட்டதே போதுமானதாக இருந்தது. ரூட் (நிர்வாகி) அனுமதியின்றி என் சாதாரணக் கணக்கிலேயே இரண்டும் ஓடுகின்றன. ஆனால் சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பிலிருந்து வெளியேறிய சிறிது நேரத்தில் இரண்டும் நின்றுவிடுகின்றன. ‘ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்’ கொடுத்திருந்தும் அவை தாமாக எழுவதில்லை. என்ன காரணம்?

மறுமொழி 1:
டாக்கரில் ரூட் உரிமையுடன் எப்போதும் பின்னணியில் ஓடும் டீமன் ஒன்று உண்டு. நாம் தட்டும் கட்டளை அதனிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. பாட்மேனில் அப்படியொரு காவலாள் இல்லை. கன்டெய்னர் உங்கள் கணக்கின் கீழ் ஓடும் ப்ராசஸ் என்பதால், உங்கள் கடைசி அமர்வு முடிந்து, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி அந்தக் கணக்குக்குரியவற்றை நிறுத்தும்போது இதுவும் சேர்ந்து நின்றுவிடுகிறது. நீங்கள் வெளியேறிய பின்னும் அவை ஓட, ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ என்பதை உங்கள் பயனர் பெயருடன் ஒருமுறை இயக்குங்கள். சர்வர் மறுபடி பூட் ஆகும்போதும் அவை எழ வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் இமேஜ், போர்ட், வால்யூம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு குவாட்லெட் கோப்பு எழுதிவிடுங்கள். அதிலிருந்து சிஸ்டம்டி சேவை தானாக உருவாகிவிடும்.

கேட்டவர்:
லிங்கர் கொடுத்தபின் வெளியேறினாலும் ஓடுகின்றன, நன்றி. ஆனால் குவாட்லெட் கோப்பை உரிய இடத்தில் வைத்து, சிஸ்டம்டியை அமைப்புக் கோப்புகளை மறுபடி படிக்கச் சொல்லும் ‘டீமன்-ரீலோட்’ கொடுத்தும், அப்படியொரு சேவையே இல்லை என்கிறது. மேலும், தரவுத்தள அடைவின் உரிமையாளராக 100998 என்ற எண் தெரிகிறது. என் கணக்கிலிருந்து அதை பேக்கப் எடுக்க முடியவில்லை.

மறுமொழி 2:
கோப்பில் பிழை இருக்காது. குவாட்லெட் பாட்மேன் 4.4 பதிப்பில்தான் சேர்ந்தது. டெபியன் 12 தருவதோ 4.3.1. ஆகவே இப்போதைக்கு ‘பாட்மேன் ஜெனரேட் சிஸ்டம்டி’ கட்டளையால் சேவைக் கோப்பை உருவாக்கிக்கொள்ளுங்கள். புதிய பதிப்புகள் இக்கட்டளையைத் தவிர்க்கச் சொல்வதால், டெபியன் 13க்குப் போகும்போது குவாட்லெட்டுக்கு மாறலாம்.

அந்த எண்ணுக்கு வருவோம். கன்டெய்னருக்குள் ரூட் என்று தெரிபவர் வெளியே நீங்கள்தான். உள்ளே 1 முதல் தொடங்கும் பயனர் எண்கள், உங்கள் கணக்குக்கு ஒதுக்கப்பட்ட வரிசையில், அதாவது 100000 முதல், ஒவ்வொன்றாக அமர்கின்றன. போஸ்ட்கிரெஸ் பயனரின் எண் உள்ளே 999 என்பதால் வெளியே 100998 ஆகிறது. (ஒன்று குறைகிறதே என்று நானும் முதன்முறை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.) உரிமையாளரை மட்டும் மாற்றிவிடாதீர்கள்; ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தால் தன் கோப்புகளையே திறக்க முடியாமல் போகும். ‘பாட்மேன் அன்ஷேர்’ என்பதை முன்னால் சேர்த்து இயக்கினால் எந்தக் கட்டளையும் அதே எண் வரிசைக்குள் நின்று வேலை செய்யும். ஆனாலும் ஓடும் தரவுத்தளத்தின் அடைவை அப்படியே நகலெடுப்பது நம்பத்தக்க பேக்கப் ஆகாது. ‘பாட்மேன் எக்ஸெக்’ வழியாக கன்டெய்னருக்குள்ளேயே, தரவுத்தளத்தின் நகலை எழுதித் தரும் ‘பிஜி_டம்ப்’ கருவியை இயக்கி, வெளியீட்டை உங்கள் கணக்கில் சேமித்துக்கொண்டால் இந்த உரிமைச் சிக்கலே எழாது.