மூன்றாம் இடம் கிடைத்த காலை

சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவர்கள் பலரும் தாங்கள் விழுந்த கதையைச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது இன்னொருவரை விழவைத்த கதை. 2019 மார்ச் மாதம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே நடந்த 60 கிலோமீட்டர் சைக்கிள் போட்டியில், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கான பிரிவில் எனக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளில் நான் பரிசு மேடை ஏறியது அந்த ஒரு முறைதான். அந்தப் பதக்கத்தைப் பற்றி வீட்டில் யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அலுவலகம் போகிறவன் பந்தயக்காரனாக இருப்பதென்றால் இப்படித்தான். அதிகாலை நான்கு மணி அலாரம், லாரிகள் கூடுவதற்குள் ஐம்பது கிலோமீட்டர், ஒன்பதரைக்கு மேசையில் தூக்கம். சைக்கிளுக்குக் கடையில் கொடுத்த விலைக்கும் வீட்டில் சொன்ன விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எழுதப் போவதில்லை. முதல் போட்டியில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய், ஒன்றரை மணி நேரத்தில் தசைகளில் சேர்ந்திருந்த மாவுச்சத்து தீர்ந்து, கைகால் நடுங்கி, ஓர் இளநீர்க் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து கடலை மிட்டாயைப் பாக்கெட்டோடு கேட்டவன் நான். கடைக்கார அம்மா காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்கெல்லாம் இன்று சிரித்துக்கொள்ள முடிகிறது.

எனக்குச் சாலையில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் குழுவின் மூத்தவர். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, வங்கி ஊழியர். நான் அவரை ‘சார்’ என்பேன், அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். அவர் முதலில் சொல்லித் தந்தது வேகத்தைப் பற்றி ஒன்றுமில்லை. “பள்ளம் வந்தா கையக் காட்டு தம்பி. பின்னாடி இருக்கிறவனுக்கு உன் முதுகுதான் தெரியும், ரோடு தெரியாது” என்றார். அந்த ஒரு பாடத்தை நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

அன்றைய காற்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பழந்தமிழர் நான்கு திசைக் காற்றுக்கும், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை என்று தனித்தனியாகப் பெயர் வைத்தார்கள். சைக்கிள் ஓட்டுபவனுக்கு நான்கும் நான்கு விதமான வலி. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது என்பதால், சமதளத்தில் பந்தயம் என்பது பெரும்பாலும் காற்றோடு நடக்கும் வழக்குதான். முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் ஏறத்தாழ கால் பங்கு உழைப்பு மிச்சமாகும். ஆனால் காற்று பக்கவாட்டில் அடித்தால், காற்று படாத அந்த நிழலும் பக்கவாட்டில்தான் விழும். அன்று நாங்கள் தெற்கு நோக்கிப் போக, கடல் இடப்பக்கம் இருக்க, கொண்டலும் தென்றலும் கலந்தது போன்ற ஒரு காற்று தென்கிழக்கிலிருந்து அடித்தது. ஒன்பது பேர் முன்னணியில் பிரிந்து, ஒவ்வொருவரும் முன்னவரின் வலப்பக்கம் சற்றுப் பின்தங்கி, சாலையின் இட ஓரத்திலிருந்து நடுக்கோடுவரை சாய்கோடாக ஓட்டிக்கொண்டிருந்தோம். இந்த அமைப்பில் பின்னவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தள்ளி ஓடும். அதைத் தவிர்க்க வழியில்லை. தவிர்த்தால் காற்று உங்களைக் கூட்டத்திலிருந்து பிய்த்து எறிந்துவிடும்.

எனக்கு அடுத்து, வலப்பக்கத்தில் சார்.

இருபத்திரண்டாவது கிலோமீட்டர் தாண்டியதும், தார் பெயர்ந்த ஒரு பள்ளம் என் சக்கரத்துக்கு நேராக வந்தது. பெரிய பள்ளம்கூட இல்லை, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். கைப்பிடியிலிருந்து கையை எடுத்தால் காற்று முன்சக்கரத்தைத் தள்ளிவிடும் என்று பயந்தேன். கை காட்டவில்லை, குரலும் கொடுக்கவில்லை, வலப்பக்கம் ஒடித்தேன். என் பின்சக்கரத்தில் ‘ஸ்ர்ர்’ என்று ரப்பர் உரசும் ஓசை, ஒரு மெல்லிய அதிர்வு, அவ்வளவுதான். சக்கரங்கள் உரசும்போது முன்னால் போகிறவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை; பின்னால் இருப்பவருக்கு முன்சக்கரத்தைத் திருப்பும் வாய்ப்பே பறிபோய்விடுவதால் அவர்தான் விழுவார். அவருடைய சைக்கிளின் கார்பன் இழைச் சட்டம் தாரில் இழுபடும் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவருடைய மஞ்சள் ஜெர்சி சாலையில் கிடந்தது.

நான் நிற்கவில்லை.

போட்டியில் விழுந்தவருக்காக நிற்கும் வழக்கம் கிடையாது, பின்னால் ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது, நின்றாலும் என்னால் ஆவது ஒன்றுமில்லை என்றெல்லாம் மிச்சமிருந்த முப்பத்தெட்டு கிலோமீட்டரும் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். வாதங்கள் எல்லாம் சரியானவைதான். அவற்றோடு சேர்த்து, ‘இனி எட்டுப் பேர்தான்’ என்ற கணக்கும் மனத்தில் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. திரும்பும் வழியில் காற்று முதுகுப்பக்கம் வந்தது. கடைசி இருநூறு மீட்டரில் இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தபோது கால்கள் அதுவரை அறியாத வலிமையோடு இருந்தன. முடிவுக்கோட்டை நோக்கி எங்களுக்குள் நடந்த ஒரு வேக ஓட்டத்தில்கூட நான் அவரை முந்தியதில்லை. அவர் விழாதிருந்தால் அந்த மூன்றாம் இடம் அவருடையது.

மருத்துவமனையில் இடது காறை எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். தலைக்கவசம் காதுக்கு மேலே இரண்டாகப் பிளந்திருந்தது. 2003இல் பிரான்ஸின் பாரிஸ்–நீஸ் சைக்கிள் போட்டியில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரேய் கிவிலேவ் தலைக்கவசமில்லாமல் விழுந்து மறுநாள் இறந்த பிறகுதான், தொழில்முறைப் பந்தயங்களில் அது கட்டாயமானது. அந்தப் பிளந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்தபடி நின்றேன். அவருடைய மனைவி எனக்குக் காபி வாங்கி வரச் சொல்லி மகனை அனுப்பினார். கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன எடம் தம்பி?”

“மூணு சார்.”

“நல்லது” என்று கண்ணை மூடிக்கொண்டார். கையைக் காட்டினேனா என்று அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானாகச் சொல்வதற்கு எட்டு மாதங்கள் ஆயின. அதற்குள் எலும்பில் பிளேட் வைத்து, காயம் ஆறி, அவர் மாடியில் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார். எலும்பு கூடியிருந்தாலும் கூட்டத்துக்குள் ஓட்டும் துணிச்சல் அவருக்குத் திரும்பவில்லை. மறு ஆண்டு சைக்கிளை விற்றுவிட்டார்.

வாங்கியவர் எங்கள் குழுவில் இருக்கும் ஓர் இளைஞர். சட்டத்தைச் சோதித்து, முன்சக்கரத்தை மாற்றிவிட்டார். இடது பிரேக் பிடியின் ரப்பர் கிழிந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை மாறி மாறி வரும்போது, அந்த வண்டிக்கு முன்னால் என் முறை வந்தால், பள்ளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் கை தானாக இறங்கிச் சாலையைக் காட்டிவிடுகிறது.