லாஸ்ட் கோஸ்ட் நடையில ஜியோகேச் பெட்டி வைக்கலாமா, கூடாதா?

திசைகாட்டி:
மக்களே, கலிஃபோர்னியா லாஸ்ட் கோஸ்ட் ட்ரெயிலுக்கு ஒருவழியா பெர்மிட் கிடைச்சிருச்சு. தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், தெக்க இருந்து கடலை ஒட்டியே வர்ற ஹைவே 1 இந்த இடத்துக்கு முன்னாடியே உள்நாட்டுப் பக்கம் திரும்பிடும், கிங் ரேஞ்ச் மலை அவ்ளோ செங்குத்து, கிங் பீக் 4,088 அடி ஆனா கடல்ல இருந்து 3 மைல்தான், அதனால ரோடு போடாமலே விட்டுட்டாங்க. மட்டோல் ஆறு கடல்ல கலக்குற இடத்துல ஆரம்பிச்சு தெக்க ஷெல்டர் கோவ் ப்ளாக் சாண்ட்ஸ் பீச் வரைக்கும் சுமார் 25 மைல், மணலும் உருட்டுக்கல்லும்தான் பாதை. போற வழியில ஒரு ஜியோகேச் (பெட்டியை ஒளிச்சு வெச்சு கோஆர்டினேட்டை நெட்ல போட்டா, மத்தவங்க ஜிபிஎஸ் வெச்சு தேடிக் கண்டுபிடிச்சு உள்ள இருக்கற நோட்டுல கையெழுத்து போடற விளையாட்டு) வெச்சிட்டு வரலாம்னு ஆசை. ரப்பர் கேஸ்கெட் வெச்ச பழைய மிலிட்டரி தோட்டாப் பெட்டி ஒண்ணு கைல இருக்கு, தண்ணி போகாது. சீ லயன் கல்ச்சுக்கும் ராண்டல் க்ரீக்குக்கும் நடுவுல பாறை இடுக்குல வைக்கலாம்னு பாக்கறேன். டெர்ரெய்ன் ரேட்டிங், அதாவது போய்ச் சேர எவ்ளோ கஷ்டம்கிற மார்க், என்ன குடுக்கலாம்?

ஓரம்போ:
ரேட்டிங்லாம் அப்புறம், முதல்ல அதை வைக்காதீங்க. நீங்க சொல்ற அந்த துண்டுதான் ஹை டைட்ல நடக்கவே முடியாத ஏரியா, ஒரு பக்கம் மலைச்சரிவு ஒரு பக்கம் அலை, தண்ணி ஏறிட்டா ஒதுங்க இடம் கிடையாது. இதே மாதிரி தெக்க மில்லர் ஃப்ளாட்டுக்கும் கிட்செல் க்ரீக்குக்கும் நடுவுல இன்னொண்ணு. ஒவ்வொண்ணும் 4 மைல் சுமார். எல்லாரும் டைட் டேபிள் பாத்து மூச்சுவிடாம தாண்டுற இடத்துல நீங்க நின்னு தேடச் சொல்றீங்க.

இன்னொரு கேள்வி, உங்க வீடு எங்க? பே ஏரியான்னா மழைக்காலத்துல பெட்டி உடைஞ்சுதுன்னு யாராவது நெட்ல லாக் (தேடிப் போனதைப் பத்தின குறிப்பு) போட்டா திரும்ப பெர்மிட் எடுத்து மூணு நாள் நடந்து போய் சரி பண்ணுவீங்களா? பராமரிக்க முடியாத கேச்சை, தளத்துல போடறதுக்கு முன்னாடி சரிபாக்கற ரிவ்யூவர் பப்ளிஷ் பண்ண மாட்டார், அது கேமோட அடிப்படை ரூல்.

திசைகாட்டி:
ப்ரோ, இப்படி பாத்தா உலகத்துல ஒரு நல்ல கேச்சும் இருக்காது. சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல விளக்குக் கம்பத்தோட அடிமூடியைத் தூக்கி ஃபிலிம் டப்பாவுல கையெழுத்து போட்டுட்டு போறதுக்கா சேட்டிலைட் விட்டாங்க? வருஷத்துக்கு ரெண்டே பேர் லாக் பண்ற தனிமையான கேச்சுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு, அதுல நானும் ஒருத்தன். அங்க நூத்துக்கணக்கான பேர் டென்ட் அடிச்சு தூங்கறாங்க, என் ஒரு டப்பாவாலதான் காடு கெட்டுடப் போகுதா?

கரிசல்காட்டான்:
திசைகாட்டி அண்ணன் பக்கம் நான். இந்த விளையாட்டு பொறந்ததே ரூல் இல்லாமதான். 2000 மே மாசம் அமெரிக்க அரசாங்கம் ஜிபிஎஸ் சிக்னலை வேணும்னே கெடுத்து வெச்சிருந்ததை நிறுத்துச்சு, நூறு மீட்டர் தள்ளித்தள்ளி காட்டினது திடீர்னு பத்து இருபது மீட்டருக்குள்ள காட்ட ஆரம்பிச்சிருச்சு. உடனே மே 3ஆம் தேதி டேவ் உல்மர்னு ஒருத்தர் ஓரிகன்ல பீவர்க்ரீக் பக்கம் காட்டுல ஒரு கருப்பு பக்கெட்டைப் பொதைச்சு வெச்சிட்டு இன்டர்நெட்ல அட்சரேகை தீர்க்கரேகை போட்டுட்டார். உள்ள புக்கு, சாஃப்ட்வேர், உண்டிவில், அப்புறம் ஒரு பீன்ஸ் டின். எந்த ரிவ்யூவர்கிட்ட கேட்டார்?

ஓரம்போ:
அந்த பீன்ஸ் டின்னை நீங்களே எடுத்துவிட்டது ரொம்ப சந்தோஷம் 😀 இன்னிக்கு கேச்ல தின்ற பொருள் எதுவும் வைக்கக்கூடாது. லாஸ்ட் கோஸ்ட்ல கரடி உண்டு, ராத்திரி தங்கறவங்க சாப்பாட்டை மட்டுமில்ல, டூத்பேஸ்ட் சன்ஸ்க்ரீனைக் கூட கெட்டி கேனிஸ்டர்ல போட்டு வெச்சே ஆகணும், கட்டாயம். நீங்க தின்பண்டம் வைக்க மாட்டீங்க, சரி, அடுத்து வர்றவர் வாசனை சோப்போ சாக்லேட்டோ போட்டுட்டு போவார், எவன் பாக்கப்போறான்?

அப்புறம் டென்ட்டும் டப்பாவும் ஒண்ணில்ல. டென்ட் காலையில சுருட்டிட்டு போயிடும். கிங் ரேஞ்சோட பெரும்பகுதி 2006லயே வில்டர்னஸ்னு, அதாவது இயற்கையா அப்படியே விட்டுவைக்கற காடுன்னு, சட்டம் போட்டு ஒதுக்கியாச்சு, அந்த நிலத்தைப் பாத்துக்கற அமெரிக்க அரசோட நில நிர்வாகத் துறை பீஎல்எம் மத்த இடங்கள்ல சாதாரண கேச்சிங்கை கண்டுக்காது, ஆனா வில்டர்னஸ்குள்ள பெட்டி வைக்க விடாது.

பாறைப்பைத்தியம்:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு வாங்குங்க. பெட்டியே இல்லாத கேச் ஒண்ணு இருக்கே, எர்த்கேச். 2004ல அமெரிக்க புவியியல் சங்கம் ஆரம்பிச்சு வெச்சது. ஒரு இடத்துக்கு ஆளை வரவெச்சு, அங்க இருக்கற பாறையையோ மணலையோ பாத்தாத்தான் பதில் சொல்ல முடியும்கிற மாதிரி கேள்வி கேக்கணும், பதிலை கேச் ஓனருக்கு அனுப்பணும், அவ்ளோதான்.

அதுக்கு இந்தக் கரையை விட்டா வேற இடமே இல்லைங்கறேன். பூமியோட மேலோட்டுத் தட்டுகள்ல பசிபிக் தட்டு, வட அமெரிக்கத் தட்டு, கோர்டா தட்டு மூணும் முட்டிக்கற முச்சந்தி இங்க மெண்டோசினோ முனை பக்கம்தான் இருக்கு. 1992 ஏப்ரல் 25ஆம் தேதி 7.2 அளவுல நிலநடுக்கம் வந்தப்ப மெண்டோசினோ முனையில இருந்து புண்டா கோர்டா முனைக்குத் தெக்க வரைக்கும் சுமார் 25 கிலோமீட்டர் கரை அப்படியே மேல தூக்கிக்கிச்சு, அதிகபட்சம் 1.4 மீட்டர். அலை வந்து நனைச்சாத்தான் உயிரோட இருக்கும்கிற சிப்பியும் பாசியும் ஒரே நாள்ல தண்ணிக்கு எட்டாத உசரத்துக்கு போயிடுச்சு, கொஞ்ச நாள்ல மொத்தமா செத்து வெளுத்துப்போய் பாறை மேல வெள்ளைப் பட்டையா நின்னுது. அந்த பட்டையை அளந்துதான் நிலம் எவ்ளோ ஏறுச்சுன்னு கணக்கே போட்டாங்க. மட்டோல்ல இறங்கினதும் நீங்க நடக்கப்போற முதல் கொஞ்ச மைல் அந்த தூக்கின கரைதான் சார், அதுல போய் தோட்டாப் பெட்டி எதுக்கு?

கரிசல்காட்டான்:
நல்லாத்தான் இருக்கு, ஆனா எர்த்கேச்னா ஸ்கூல் ஹோம்வொர்க். நாலு கேள்விக்கு பதில் எழுதி அனுப்பிட்டு வாத்தியார் டிக் அடிக்கறாரான்னு காத்துக்கிடக்கணும். பெட்டியைத் தொறந்து, ஈரமான நோட்டுல அதுக்கு முன்னாடி ஏழு மாசமா யாருமே கையெழுத்து போடலைன்னு பாக்கறப்ப வர்ற அந்த குளுகுளுப்பு கூகுள் ஃபார்ம்ல வருமா?

நடைவிரும்பி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் கேச்சர் இல்ல. போனே எடுக்காத ஊருக்கு போறீங்க, அங்கயும் போய் திரையைப் பாத்துட்டே அம்பு எந்தப் பக்கம் காட்டுதுன்னு நடக்கணுமா? யானை சீல் ஒவ்வொண்ணும் மினி வேன் சைஸ்ல புண்டா கோர்டா பக்கம் படுத்துக்கிடக்கும், அதைப் பாருங்கப்பா.

ஓரம்போ:
மேடம், அங்க டைட் டேபிளும் மேப்பும் இல்லாம இறங்கினா ஆபத்து, சிக்னல் கிடையாதுன்னு பாதி பேர் சேட்டிலைட் மெசெஞ்சர் வேற வெச்சிருப்பாங்க, திரையை முழுசா விட்டுட முடியாது.

ஆனா நீங்க சொன்னதுலயே எனக்கு ஒரு பாயிண்ட் கிடைச்சிருச்சு. செங்குத்துச் சரிவுக்கு அடியில நின்னா பாதி வானம் மறைஞ்சிடும், மிச்சம் வர்ற சிக்னலும் பாறையில பட்டு திரும்பி வரும், திறந்தவெளியில 5 மீட்டர் தப்பு காட்டுற கருவி அங்க 20, 30 மீட்டர்னு தள்ளும். வெச்சவரோட கோஆர்டினேட்லயும் அதே தப்பு இருக்கும், தேடுறவரோடதுலயும் இருக்கும். ஆகமொத்தம் அரை மணி நேரம் பாறை பாறையா குனிஞ்சு தேடணும், கடலுக்கு முதுகைக் காட்டிட்டு, தண்ணி ஏறிட்டே இருக்கறப்ப. கொஞ்சம் மேல ஏறி புதருக்குள்ள தேடலாம்னா அங்க பாய்சன் ஓக்னு ஒரு நச்சுச் செடி, பட்டா ரெண்டு வாரம் சொறியணும், அதுக்குள்ள ரேட்டில்ஸ்னேக் வேற. சும்மா கடந்து போறவனுக்கு இல்லாத ஆபத்தை உங்க பெட்டி புதுசா உண்டாக்குது, என் ஆட்சேபம் முக்கியமா இதுதான், காடு கெடுமாங்கறது ரெண்டாவது.

திசைகாட்டி:
ஜிபிஎஸ் மேட்டர் நியாயம், ஒத்துக்கறேன். அந்த துண்டுல வேணாம். புண்டா கோர்டா லைட்ஹவுஸ்ல வெச்சா? அங்க எந்த பக்கமும் திறந்த வெளிதான், சிக்னல் பக்காவா கிடைக்கும்.

பாறைப்பைத்தியம்:
அது பழைய வரலாற்றுச் சின்னம் சார், தேசியப் பதிவேட்டுல இருக்கு, அதுல கை வைக்காதீங்க. 1912ல கட்டி 1951ல அணைச்சாங்க. அவ்ளோ ஒதுக்குப்புறம்கறதால லைட்ஹவுஸ்களோட அல்கட்ராஸ்னு (சான் பிரான்சிஸ்கோ தீவுச் சிறை மாதிரி) பேரு, தப்பு பண்ண ஊழியர்களை இங்க தூக்கிப் போடுவாங்கன்னு சொல்வாங்க. அப்புறம் ஹிப்பிகள் குடியேறிட்டாங்கன்னு 1970 வாக்குல பீஎல்எம்மே ஊழியர் குடியிருப்பை எரிச்சிடுச்சு. குட்டி கான்க்ரீட் கட்டடமும் எண்ணெய் ஷெட்டும்தான் மிச்சம்.

கரிசல்காட்டான்:
அப்ப மல்ட்டி கேச் போடுங்கண்ணே. வழியில பெட்டியே வேணாம். லைட்ஹவுஸ்ல படி எத்தனைன்னு எண்ணச் சொல்லுங்க, ஸ்பானிஷ் ஃப்ளாட்ல, பிக் ஃப்ளாட்லன்னு கேம்ப் அடிக்கற இடத்துல இருக்கற ஏதாவது ஒண்ணைப் பாத்து ஒரு நம்பர் எடுக்கச் சொல்லுங்க, எல்லாத்தையும் சேத்தா கடைசி கோஆர்டினேட் வரணும். பெட்டி ஷெல்டர் கோவ் ஊருக்குள்ள, யாராவது கடைக்காரர் சம்மதிச்சா அவர் இடத்துல. நடந்து முடிச்சவன் நேரா போய் கையெழுத்து போட்டுட்டு ஒரு பீரும் குடிச்சிக்கலாம். பராமரிக்க கார்லயே போகலாம். ரிவ்யூவருக்கும் வயிறு எரியாது.

திசைகாட்டி:
ஐடியா செமயா இருக்கு, ஆனா கார்ல வந்தவன் நம்பரை நெட்ல தேடி எடுத்துட்டு நேரா பெட்டிக்கு போயிடுவானே? 25 மைல் நடந்தவனும் அவனும் ஒண்ணா?

கரிசல்காட்டான்:
ஏமாத்தறவன் ஏமாத்திட்டு போறான், அவன் லாக்ல போட்டோ இருக்காது, கால்ல கொப்புளமும் இருக்காது. நமக்கென்ன.

ஓரம்போ:
மல்ட்டின்னா நான் எதிர்க்கலை. ஒரே கண்டிஷன், நடக்க முடியாத அந்த ரெண்டு துண்டுக்குள்ள ஒரு ஸ்டேஜ் கூட இருக்கக்கூடாது. லைட்ஹவுஸ் கிட்டயும் சீல் இருக்கு, பாதைக்கு நடுவுல படுத்திருந்தா சுத்திப் போங்கன்னு கேச் பேஜ்லயே எழுதிடுங்க.

பாறைப்பைத்தியம்:
அப்ப என் எர்த்கேச்? மட்டோல்ல இருந்து லைட்ஹவுஸ் வரைக்கும் சும்மா பகல் நடை போறவங்களுக்கும் ஆகுமே அது, ராத்திரி தங்கலைன்னா பெர்மிட் கூட வேணாம். நானே எழுதி பீஎல்எம்க்கு அனுப்பறேன், திசைகாட்டி சார் போறப்ப தூக்கின பாறையை நாலு போட்டோ மட்டும் எடுத்துட்டு வாங்க, பக்கத்துல ஏதாவது அளவுக்கு வெச்சு எடுங்க, குச்சி, செருப்பு, எதுனாலும் பரவால்ல.

திசைகாட்டி:
எடுக்கறேன். ஆனா தோட்டாப் பெட்டியை நான் தூக்கிட்டுத்தான் போவேன், ஷெல்டர் கோவ்ல யாராவது ஒத்துக்கிட்டா அங்கயே வெச்சிடலாம்ல.

ஓரம்போ:
25 மைலும் அந்த இரும்பை முதுகுல சுமக்கப் போறீங்களா? கார்ல வெச்சிட்டு போங்க சார்!

திசைகாட்டி:
கார் மட்டோல்ல நிக்கும், நான் முடிக்கறது ஷெல்டர் கோவ். ரெண்டு முனைக்கும் நடுவுல ஆளைக் கொண்டு விடற ஷட்டில்ல வண்டி ஓட்டறவர்கிட்ட குடுத்து வைக்கலாமான்னு கேட்டுப் பாக்கறேன்.