வளைவில் கரை அரிக்கிறது: கல் கொட்டினால் நிற்குமா?

கேள்வி: பூங்காவை ஒட்டிய மண் ஓடை, மூன்று மீட்டர் அகலம். வளைவின் வெளிப்பக்கக் கரை 1.2 மீட்டர் உயரம், செங்குத்து. அடி குடைந்துபோய் ஒரு மரத்தின் வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. கல் கொட்டலாம் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். ஆனால் அந்த வேருக்கடியில்தான் மீன்குஞ்சுகள் ஒதுங்குகின்றன. என்ன வழி?

பதில் 1: முதலில் படுகையைப் பாருங்கள். வளைவுக்குக் கீழே எங்காவது நீர் சிறு படிபோல விழுகிறதா? விழுந்தால் அந்தப் படி அரித்து அரித்து நீர் வரும் திசைநோக்கி நகர்ந்து வரும், கரையில் எதைக் கட்டினாலும் அடியோடு சரியும். அங்கே கோணக்கற்களை (முனையுள்ள உடைகற்கள்) ஓடைக்குக் குறுக்கே அடுக்குங்கள்: நடு தாழ்வாக, இரு முனையும் கரைக்குள் புதைந்து, நீர் சாய்வாக இறங்கும்படி.

படுகை உறுதி என்றால் கரையின் அடிதான் வேலை. அங்கேயும் கோணக்கல்தான், கூழாங்கல் வேண்டாம், வெள்ளத்தில் உருண்டுவிடும். கல்லுக்கடியில் வடிகட்டித் துணி விரிக்காவிட்டால் இடுக்கு வழியே நுண்மண் வெளியேறி, கல் அமிழும். கீழ்வரிசைக் கல் படுகைக்குள் புதைந்திருக்க வேண்டும்.

பதில் 2: மேல்பகுதியை 1:2 சரிவாக்குங்கள். 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் உள்ளே போகவேண்டும். மரம் நிற்கும் இடத்தை மட்டும் வெட்டாதீர்கள். வேருக்கு முன்னே சில கற்களை இடைவெளி விட்டு வையுங்கள், வேகம் தணியும், மீனுக்கு நிழலும் மிஞ்சும்.

சரிவில் தென்னைநார்ப் பாய். மேல் விளிம்பை 30 செ.மீ. பள்ளத்தில் புதைத்து மூடுங்கள். சேரும் இடத்தில் மேலோட்டப் பக்கத்துப் பாய்தான் மேலே வரவேண்டும். மாற்றிப் போட்டால் நீர் உள்ளே புகுந்து பாயைத் தூக்கிவிடும், இந்தத் தவறுதான் அதிகம். வெயில் படும் இடத்தில் வெட்டிவேர், 15 செ.மீ. இடைவெளி. நிழலில் அது சோர்ந்துபோகும். ஓரத்தில் நீர்ப்பருத்தி மரத்தின் போத்துகள் (நடுவதற்கான கிளைத்துண்டுகள்), வெட்டிய அன்றே, முக்கால் பாகம் மண்ணுக்குள். மொட்டு மேல்நோக்கியிருக்கிறதா என்று பார்த்து நடுங்கள்.

பதில் 3: இத்தனைக்கும் முன்னால் சிங்கப்பூரில் வடிகால்களைப் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதி வேண்டும், வடிகாலில் தாமாகக் கை வைக்கக் கூடாது. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கினார்களே, அங்கேயே 60 மீட்டர் பக்கவாய்க்காலில் செடிமுறைகளைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அந்தக் கால்வாயில், அதாவது காலாங் ஆற்றில், இறங்கினார்கள். உங்கள் வளைவிலும் முதலில் ஐந்து மீட்டர் போதும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தொடங்குங்கள், நவம்பருக்குள் வேர் பிடித்துவிடும். பிப்ரவரி வறட்சியில் தினமும் தண்ணீர் ஊற்றவேண்டும். கற்களுக்கிடையே தேங்கும் குட்டைகளை விட்டுவிடாதீர்கள், கொசு முட்டை வைத்துவிடும். மேலே வானம் இருண்டாலே ஓடையைவிட்டு ஏறிவிடுங்கள், இங்கே நீர்மட்டம் நிமிடங்களில் உயரும்.