டாட்ஜர்ஸ் சட்டையில் 18 ஆண்டுகள்: கெர்ஷாவை நேரில் கண்டவர்கள்

2014 ஜூன் 18 அன்று நான் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் மைதானத்தின் மேல் மாடத்தில் அமர்ந்திருந்தேன். உடன் பணியாற்றியவர் ஒருவர் தம்மிடம் மிஞ்சிய நுழைவுச்சீட்டைக் கொடுத்ததால் போனேனே தவிர, பேஸ்பாலின் விதிகள்கூட அப்போது எனக்குப் பாதிதான் தெரியும். ஆயினும் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பந்தெறிவாளர் கிளேட்டன் கெர்ஷா பந்தெறியும் முறை முதல் இன்னிங்ஸிலேயே கண்ணில் பதிந்துவிட்டது. இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துவார். வலக்காலைத் தூக்கி நேர்கீழாக இறக்குவார். பாதம் தரையைத் தொடப்போகும் வேளையில் உடல் ஒரு கணம் தயங்கும். அதன் பிறகே இடக்கை மேலிருந்து இறங்கும். அந்தத் தயக்கம் பந்துக்குப் பந்து இம்மியும் மாறவில்லை. அவருடைய கர்வ்பால் தலை உயரத்தில் வருவதாகத் தோன்றி, மட்டையாளர் முழங்காலருகே விழும். பந்து தரையில் பட்டுத் திரும்புவதையே பார்த்து வளர்ந்த கிரிக்கெட் கண்ணுக்கு இது பழகச் சற்று நேரம் பிடித்தது.

எதிரணியான கொலராடோ ராக்கீஸில் ஒருவராலும் அன்று ஹிட் எடுக்க, அதாவது பந்தை அடித்துத் தம் அடியாலேயே பேஸ் எனும் ஓட்ட முனையை எட்ட, இயலவில்லை. ஏழாம் இன்னிங்ஸின் தொடக்கத்தில் டாட்ஜர்ஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) ஹான்லி ராமிரெஸ் தவறாக எறிந்ததால் மட்டும் ஒருவர் முதல் பேஸை அடைந்தார். அந்த ஒரு பிழை நேராதிருந்தால் அது எதிரணியில் ஒருவர்கூடப் பேஸை எட்டாத பெர்ஃபெக்ட் கேம் ஆகியிருக்கும். அதே இன்னிங்ஸில் ராக்கீஸின் டுலோவிட்ஸ்கி அடித்த பந்தை மூன்றாம் பேஸைக் காத்த டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் எட்டிப் பிடித்து எறியாவிட்டால் நோ-ஹிட்டரும் (ஒரு ஹிட்டும் விடாத ஆட்டம்) கைநழுவியிருக்கும். (அதே ரோஹாஸ்தான் ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 2025இன் ஏழாம் ஆட்டத்தில், ஒன்பதாம் இன்னிங்ஸில் ஹோம்ரன் (பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார்.) கெர்ஷா 107 பந்துகள் எறிந்தார், 15 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார்), நான்கு தவறான பந்துகளால் ஒருவரையும் முதல் பேஸுக்கு நடக்க விடவில்லை. கடைசி மட்டையாளர் வந்தபோது எனக்கு அருகிலிருந்த முதியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஏனென்று நான் கேட்கவில்லை.

*

மேலே எழுதிய நண்பருக்கு நல்ல நாள் வாய்த்தது. எனக்கு வாய்த்தது 2019 அக்டோபர் 9, வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஐந்தாவதும் கடைசியுமான ஆட்டம். ஏழாம் இன்னிங்ஸில் இருவர் பேஸில் நிற்க, மவுண்டுக்கு (பந்தெறியும் மேட்டுக்கு) வந்த கெர்ஷா ஆடம் ஈட்டனை மூன்றே பந்துகளில் ஸ்ட்ரைக்அவுட் செய்தபோது நானும் எழுந்து கத்தினேன். எட்டாம் இன்னிங்ஸுக்கும் அவரையே அனுப்பினார்கள். வாஷிங்டனின் ரெண்டோன் ஒரு ஹோம்ரன் அடித்தார். அடுத்த பந்திலேயே ஸோட்டோ இன்னொன்று அடித்தார். 3-1 என்றிருந்தது 3-3 ஆனது. அதன்பின் கெர்ஷா டக்அவுட்டில் (அணியினர் அமரும் பகுதியில்) தலையைக் கவிழ்த்துத் தனியே அமர்ந்திருந்ததைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஒன்பது இன்னிங்ஸில் முடிவு தெரியாமல் நீண்ட ஆட்டத்திலிருந்து நான் பத்தாம் இன்னிங்ஸுக்கு முன்பே கிளம்பிவிட்டேன்; வாஷிங்டனின் கென்ட்ரிக் அடித்த கிராண்ட் ஸ்லாமை (மூன்று பேஸ்களிலும் ஆட்கள் நிற்க அடிக்கும் ஹோம்ரன்) கார் வானொலியில்தான் கேட்டேன்.

சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருதை மூன்று முறை பெற்றவரைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் பிளேஆஃப் ஆட்டங்கள் நடக்கும் அக்டோபர் மாதத்துக் கெர்ஷா வேறொருவர் என்று நாங்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்ததற்குக் காரணம் இருந்தது. தம்மைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையே என்று அன்றிரவு அவரே ஒப்புக்கொண்டார். 2020இல் உலகத் தொடரை வென்ற பிறகும் என் மனம் முழுதாக மாறவில்லை.

*

மூன்றாவதாக எழுதும் நான், கெர்ஷா அணி மாறாமல் இருந்தது தற்செயல் அன்று என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். 2014இல் செய்த 215 மில்லியன் டாலர் ஒப்பந்தமும், அதற்குப் பதிலாக 2018இல் செய்த மூன்றாண்டு ஒப்பந்தமும் முடிந்த பின், 2022 முதல் அவர் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்திலேயே ஆடினார். சொந்த ஊரான டல்லாஸுக்கு அருகில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி இருந்ததால், ஒவ்வொரு குளிர்காலத்திலும் போய்விடுவாரோ என்று நாங்கள் அஞ்சினோம். 2025 ஜூலை 2 அன்று தம் 3,000ஆவது ஸ்ட்ரைக்அவுட்டை எடுத்தார். அத்தனையையும் ஒரே அணிக்காக எடுத்தவர்கள் அவருக்கு முன் வால்டர் ஜான்சன், பாப் கிப்சன் ஆகிய இருவர் மட்டுமே.

நான் நேரில் கண்டது அவ்வாண்டு உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம். ஓய்வை அறிவித்துவிட்ட 37 வயதுக்காரராக அவர் புல்பென்னில் (மாற்றுப் பந்தெறிவாளர்கள் காத்திருக்கும் இடத்தில்) இருந்தார். பன்னிரண்டாம் இன்னிங்ஸில் இருவர் அவுட், மூன்று பேஸ்களிலும் டொராண்டோ ஆட்டக்காரர்கள். அப்போதுதான் புல்பென் கதவு திறந்து கெர்ஷா வந்தார். கரவொலியில் நடுக்கம் கலந்திருந்தது; பலருக்கு 2019 நினைவுக்கு வந்திருக்கும். நேதன் லூக்ஸ் மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் என்ற கடைசி நிலை வரை இழுத்து, எட்டாவது பந்தை இரண்டாம் பேஸ் பக்கம் உருட்டிவிட்டு அவுட் ஆனார். கெர்ஷாவுக்கு அன்று அவ்வளவுதான் வேலை. ஆட்டமோ பதினெட்டாம் இன்னிங்ஸ் வரை நீண்டு, டாட்ஜர்ஸின் ஃப்ரீமன் அடித்த ஹோம்ரனில் முடிந்தது.

*

2019 பற்றி எழுதியவன் நான். அந்த மூன்றாம் ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். லூக்ஸ் அவுட் ஆனதும் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினான்காம் இன்னிங்ஸில் கிளம்பிவிட்டேன். ஃப்ரீமனின் ஹோம்ரனையும் வானொலியில்தான் கேட்டேன்.