‘ஹீட் பம்ப்’ என்பதற்கு ‘வெப்ப இறைப்பி’: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

பிரித்தானியாவின் வீட்டுச் சூடேற்ற மானியங்களை விளக்கும் தமிழ்க் கையேட்டில் ‘ஹீட் பம்ப்’ என்பதை ‘வெப்பமேற்றி’ என்று எழுதலாம் என நண்பர் ஒருவர் இங்கு கூறியிருந்தார். அச்சொல்லைக் கேட்டதும், ஓர் அலகு மின்சாரத்துக்கு ஓர் அலகு வெப்பம் மட்டுமே தரும் சாதாரண ஹீட்டர்தான் வாசகர் மனத்தில் எழும் என்று அஞ்சுகிறேன். நாம் பேசும் கருவி, வெளிக்காற்றிலோ நிலத்திலோ ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், அதே ஓர் அலகுக்கு ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் தருகிறது.

இது புரியாமல் மானியத்தின் நியாயம் புரியாது. அங்கே பெரும்பாலான வீடுகளைச் சூடேற்றுவது எரிவாயுக் கொதிகலன். அதன் இடத்தில் ஹீட் பம்ப் போன்றவற்றைப் பொருத்த உதவுவதற்காக இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022-இல் தொடங்கிய கொதிகலன் மேம்பாட்டுத் திட்டம், காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் கருவிக்கு முதலில் 5,000 பவுண்டும், 2023 அக்டோபரிலிருந்து 7,500 பவுண்டும் வழங்கியது. நிறுவுநர் அத்தொகையை விலைப்பட்டியலிலேயே கழித்துவிடுகிறார். முந்தைய திட்டம் ஏழாண்டுக் காலாண்டுத் தவணைகளாகப் பணம் கொடுத்ததால், முழுச் செலவையும் முன்கூட்டியே போடக்கூடியவர்களுக்கே அது உதவியது. அந்த வகையில் இது நல்ல திருத்தம். ஆயினும் அங்கே ஓர் அலகு மின்சாரத்தின் விலை, எரிவாயுவின் விலையைப்போல் நான்கு மடங்கை ஒட்டியே பல ஆண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. ஆகவே மானியத்தொகையை மட்டும் உயர்த்துவதைவிட, மின்கட்டணத்தில் சேர்க்கப்படும் கொள்கைத் தீர்வைகளை (அரசின் எரிசக்தித் திட்டங்களுக்காக நுகர்வோரிடம் பெறும் தொகைகளை) பொது வரிப்பணத்துக்கு மாற்றுவதே குடும்பங்களுக்கு நிலையான பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

‘வெப்பப் பம்பி’ இலங்கை வாசகர்களுக்கு எளிதில் புரியும். தமிழ்நாட்டில் அந்த வடிவம் பழக்கமில்லை. ‘வெப்பக்கடத்தி’ இயற்பியலில் வேறு பொருளுக்கு உரியது. எனவே ‘வெப்ப இறைப்பி’ என்பதை முன்மொழிகிறேன். கிணற்றில் கிடக்கும் நீரை மேலே கொண்டுவருவதைத்தான் இறைத்தல் என்கிறோம். இங்கும் தாழ்ந்த வெப்பநிலையில் கிடப்பது உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றப்படுகிறது. ‘காற்று வெப்ப இறைப்பி’, ‘நில வெப்ப இறைப்பி’ என்ற வகைப்பெயர்களும் இயல்பாக அமைகின்றன.

கருவியின் செயல்திறனை, அதாவது ஓர் அலகு மின்சாரத்துக்கு அது எத்தனை அலகு வெப்பம் தருகிறது என்பதை, ‘இறைப்பு விகிதம்’ எனலாம். மின்சாரம் எரிவாயுவைவிட நான்கு மடங்கு விலையென்றால், கொதிகலனில் வீணாகும் பத்தில் ஒரு பங்கைக் கழித்தபின், இறைப்பு விகிதம் 3.6-ஐத் தாண்டும் வீட்டில்தான் எரிபொருட்செலவு குறையும். இக்கணக்கு கையேட்டின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

‘வெப்பவிறைப்பி’ என்று சேர்த்தெழுதுவது வாசிப்பைத் தடுக்கும் என்பதால், பிரித்தே எழுதுவோம் என வேண்டுகிறேன்.