தாள் சாயும்போது தண்ணீரை நிறுத்துங்கள்: என் சின்ன வெங்காய அனுபவம்

முதல் தடவை சின்ன வெங்காயம் போட்டபோது விளைச்சலில் ஒரு குறையும் இல்லை. ஒரு கிலோ விதை வெங்காயம் ஊன்றி ஐந்து கிலோவுக்கு மேல் எடுத்தேன். ஆனால் மூன்றே வாரத்தில் அதில் பாதி அழுகிவிட்டது. பையைத் திறந்ததும் குப்பென்று வாடை. மேலே பார்க்க நன்றாக இருந்த காயின் கழுத்தை அமுக்கினால், விரல் கொழகொழவென்று உள்ளே போனது. மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்ததைக் குப்பையில் கொட்டியபோது மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது.

யோசித்துப் பார்த்தால் தப்பு முழுக்கக் கடைசி இரண்டு வாரத்தில்தான். தாள் மஞ்சளாகிச் சாய ஆரம்பித்ததும் செடி வாடுகிறது என்று பயந்து தண்ணீரைக் கூட்டினேன். பிடுங்கிய அன்றே தாளைப் பச்சையாக ஒட்ட நறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். ஈரக் கழுத்து, வெட்டுக்காயம், காற்றில்லாத பை. அழுகலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த முறை நடுத்தர அளவுக் காய்களாகப் பொறுக்கி எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு, மேட்டுப்பாத்தியில் நுனி லேசாக வெளியே தெரியும்படி ஊன்றினேன். ஆழமாகப் புதைக்க வேண்டாம். ஒரு வாரத்தில் பச்சை எட்டிப் பார்த்தது. வெங்காயத்துக்கு வேர் மேலாகவே ஓடுவதால் களையைக் கொத்தாமல் கையால்தான் பிடுங்கினேன். தொழுவுரமும் மண்புழு உரமும் முதல் ஒரு மாதத்தோடு சரி. அதற்கு மேல் தழைச்சத்து கொடுத்தால் தாள் கொழுக்கும், கழுத்து தடிக்கும், அப்படிப்பட்ட காய் இருப்பு நிற்காது.

நடுவில் தாளில் வெள்ளி பூசியது போல் கீற்றுகள் தெரிந்தன. சத்துக்குறை என்றுதான் முதலில் நினைத்தேன். இலை இடுக்கை மெல்ல விரித்துப் பார்த்தால், ஊசி முனை அளவில் வெளிர்மஞ்சளாக ஊர்ந்துகொண்டிருந்தது. இலைப்பேன். மாலையில் அந்த இடுக்குக்குள் படும்படி வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் ஒருமுறை தெளித்தேன், மூன்றாவது வாரத்தில் கட்டுக்குள் வந்தது.

அப்புறம் காய் திரண்டு மண்ணுக்கு மேலே தோளைக் காட்டும். பார்த்ததும் மண் அணைக்கக் கை பரபரக்கும், அணைக்காதீர்கள். அந்தத் தோளில் வெயிலும் காற்றும் பட்டால்தான் தோல் முற்றி நிறம் ஏறும்.

எழுபது நாள் தாண்டியதும் தாள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. பாதிச் செடி சாய்ந்த அன்று குழாயை மூடினேன். பாத்தி வெடிப்பு விட்டுக் கிடந்ததைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் தாளில் இருக்கும் சத்து காயில் இறங்கி, கழுத்து சுருங்கி மூடுவது இந்த நாட்களில்தான். பத்து நாள் கழித்துக் கழுத்தை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தேன். துவண்டு, நூல் மாதிரி மெலிந்திருந்தது. முள்கரண்டியால் மண்ணை நெம்பிவிட்டுத் தூக்கியதும் ஏழு காய்கள் ஒரே கொத்தாக வந்தன. ஒரே ஒரு காய் ஊன்றிய இடம் அது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

கழுவவில்லை, தாளையும் வெட்டவில்லை. கொத்துக் கொத்தாகக் கட்டி, மழை படாத நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டேன். இரண்டு வாரத்தில் தாள் சருகாகி, தொட்டால் தோல் சரசரவென்று சத்தம் போட்டது. அதற்குப் பிறகுதான் கழுத்துக்கு மேலே ஒரு அங்குலம் விட்டு நறுக்கினேன். கழுத்து தடித்ததையும், முள்கரண்டி பட்டதையும் முதலிலேயே சமையலுக்கு ஒதுக்கிவிட்டேன். மற்றவை வலைப்பையில்.

நாலு மாதம் ஆகிறது. நேற்று பையைக் கொட்டி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். அழுகல் ஒன்றுகூட இல்லை. மூன்று காய் மட்டும் பச்சையாக முளைவிட்டிருந்தது. அவற்றை அப்படியே கொண்டுபோய்ப் பாத்தியில் ஊன்றிவிட்டு வந்தேன்.